இடது பிரேக் லைட் பல்பு மூன்று முறை மாற்றியும் மங்கல், மூன்றாவது லைட் மூடியும் உடைந்துவிட்டது – 2009 வண்டி, அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன்

ஈசூன்_செடான் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி சிங்கப்பூரில் 2009 மார்ச்சில் பதிவானது, 1.6 லிட்டர் ஜப்பானிய செடான், ஆட்டோ கியர். 2019-இல் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) முடிந்தபோது மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டிப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன், அதனால் 2029 வரை இதை ஓட்டியாக வேண்டும். ஓட்டவும் ஆசைதான், அப்பாவை டயாலிசிசுக்குக் கூட்டிப்போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் இந்த வண்டியில்தான்.

பிரச்சினை இடது பக்க பிரேக் லைட். மூன்று மாதத்துக்கு முன்பு மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் வந்த மச்சான், சிக்னலில் பக்கத்தில் வந்து நிறுத்தி, "மாமா, இடது பக்கம் பிரேக் பிடித்ததே தெரியவில்லை" என்றான். அன்றே பல்பு மாற்றினேன், நன்றாக எரிந்தது. மூன்று வாரத்தில் திரும்பவும் மங்கல். மறுபடி மாற்றினேன், எரிந்தது. மறுபடி போனது. இப்போது போட்டிருப்பது மூன்றாவது புதுப் பல்பு, அதுவும் மங்கிவிட்டது.

மனைவியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி இன்று பின்னால் நின்று நன்றாகப் பார்த்தேன். வலது பக்கம் பளிச்சென்று எரிகிறது. இடது பக்கம் மங்கலாக எரிகிறது, அதோடு இடது சிக்னல் லைட்டும் லேசாக மினுக்குகிறது, நான் சிக்னலே போடவில்லை! பிரேக்கை மிதித்தபடி இடது சிக்னலைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து அடித்துக்கொள்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். பூட்டில் (பின் டிக்கியில்) இடது மூலையில் ஈர வாடை வருகிறது. பின் கண்ணாடியடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது, லைட் எரிகிறது, ஆனால் பின்னால் வருபவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறது.

ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். லாம்ப் முழுசாக மாற்ற வேண்டும், ஒயரிங்கும் புதிதாக இழுக்க வேண்டும், 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்றார்கள். மூடிக்குத் தனிக் காசு. செலவு செய்யத் தயங்கவில்லை, ஆனால் மல்டிமீட்டர் வைத்து யாருமே பார்க்கவில்லை, பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள், அதுதான் உறுத்துகிறது. பத்து வயதைத் தாண்டிய வண்டி, வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன், அடுத்த மாதம் தேதி வருகிறது.

பழையடாக்சி | சனி, இரவு 10.15

தம்பி, 31 வருஷம் டாக்சி ஓட்டியவன் சொல்கிறேன், ஒரு விளக்கு எரியும்போது சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு மினுக்கினால் அது எர்த் (கரண்ட் வண்டி உடம்புக்குத் திரும்பும் வழி) பிரச்சினை. பல்பைக் குறை சொல்லாதே. ஒரு நீள ஒயரை எடுத்து ஒரு முனையைச் சாக்கெட்டின் எர்த் ஒயரில் தொடு, மறு முனையைப் பூட்டுக்குள் பெயின்ட் இல்லாத இரும்பில் வை. சட்டென்று பிரகாசமானால் ஆள் பிடிபட்டான்.

அப்புறம், எல்லாம் சரியானதும் எல்இடி பல்புக்கு மாறிவிடு. மிதித்த உடனே எரியும். விரைவுச்சாலையில் அது பெரிய விஷயம்.

ஜேபி_வாராவாரம் | சனி, இரவு 10.32

480 எல்லாம் கொடுக்காதீர்கள் அண்ணே. மலேசியாவில் ஜோகூர் பக்கம் பழைய வண்டி உடைத்து விற்கிற கடையில் லாம்ப் செட்டாகவே கிடைக்கும், பாதி விலைகூட வராது. டேங்கில் முக்கால் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் போய் வந்துவிடலாம். இந்த வாரம் நான் போகிறேன், மாடலைச் சொல்லுங்கள், விசாரித்து வருகிறேன்.

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, காலை 7.05

லாம்ப் வாங்க இப்போதைக்கு யாரும் போக வேண்டாம். டாக்சி ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அந்த அடையாளங்களைப் படித்தவுடனேயே எர்த் என்று தெரிகிறது. நான் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன், உப்புக் காற்றில் இதே கதையைத் தினமும் பார்க்கிறேன்.

எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். பின் லாம்பில் பிரேக், டெயில், சிக்னல், ரிவர்ஸ் எல்லாவற்றுக்கும் பாசிட்டிவ் ஒயர் தனித்தனி, ஆனால் எர்த் ஒயர் பொதுவாக ஒன்றுதான், அது பூட்டுக்குள் எங்கோ ஒரு போல்ட்டில் உடம்போடு சேர்கிறது. அந்த இடம் துருப்பிடித்தால் பிரேக் பல்புக்குள் போன கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் சிக்னல் பல்பு வழியாகவும் டெயில் இழை (பல்புக்குள் எரியும் கம்பி) வழியாகவும் சுற்றிக்கொண்டு எர்த்தைத் தேடும். அதனால்தான் சிக்னல் மினுக்குகிறது, பிரேக் மங்குகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று அளவு. பல்பு சாக்கெட்டிலேயே இருக்கட்டும், கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, எல்லாம் 12 வோல்ட் என்று பொய் காட்டும். மிதிக்க ஒருவர் வேண்டும். முதல் அளவு, பிரேக் பாசிட்டிவுக்கும் வண்டி உடம்புக்கும். இரண்டாவது, அதே பாசிட்டிவுக்கும் சாக்கெட் எர்த்துக்கும். மூன்றாவது, சாக்கெட் எர்த்துக்கும் வண்டி உடம்புக்கும். இந்த மூன்றாவது 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் பல்புக்குப் போகாமல் வழியில் தொலைகிற வோல்ட்.

ஒன்று கேட்கிறேன், கழற்றிய பழைய பல்புகளை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மீட்டரை ஓம்ஸில் வைத்து 21 வாட் இழையை அளந்து பாருங்கள். ஆறிய நிலையில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் பல்பு உயிரோடுதான் இருக்கிறது.

பாசிர்ரிஸ்_அக்கா | ஞாயிறு, காலை 9.20

நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள், எனக்கு நேர் எதிர் பிரச்சினை. போன மாதம் இன்ஜினை நிறுத்திய பிறகும் மூன்று பிரேக் லைட்டும் எரிந்துகொண்டே இருந்தன, காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. உதவிக்கு வந்த மெக்கானிக் ஜம்ப் கொடுத்துவிட்டு, பிரேக் பெடல் கீழே கால்மிதியில் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் துணுக்கை எடுத்துக் காட்டினார். அது என்ன என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை, ஒரு சின்ன ரப்பரைச் செருகி 20 வெள்ளி வாங்கிக்கொண்டார், இப்போது வரை சரியாக இருக்கிறது. இது நிரந்தரமா?

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, காலை 9.48

அக்கா, பிரேக் பெடலின் மேல் பகுதியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதிலிருந்து ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். காலை எடுத்ததும் பெடல் வந்து அந்தக் குச்சியை அழுத்தும், லைட் அணையும். பெடல் இரும்பில் குச்சி முட்டும் இடத்தில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் பிளாஸ்டிக் பொத்தான்தான் உங்கள் துணுக்கு. வயதானால் பொடியாகிவிடும், குச்சி ஓட்டைக்குள் போய்விடும், நீங்கள் மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். ரப்பர் கொஞ்ச நாளில் விழுந்துவிடும், உங்கள் மாடலுக்கு உரிய பொத்தானே கேட்டு வாங்கிப் போடுங்கள், சில வெள்ளிதான். இது எந்நேரமும் எரியவிட்டால் பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது உண்மையில் பிரேக் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது, மங்கல் லைட்டைவிட இது மோசம். அந்த ஸ்விட்ச் முழுசாகச் செத்தால் ஆட்டோ கியர் வண்டி பலவற்றில் கியர் 'பி'-யை விட்டு நகராது, அப்படி ஆனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஈசூன்_செடான் | ஞாயிறு, மாலை 6.30

கை நடுங்க எழுதுகிறேன். மூன்று பல்பில் இரண்டு பழசு க்ளோவ் பாக்ஸில் கிடந்தன, மூன்றாவது வண்டியில். மூன்றையும் அளந்தேன், 0.6, 0.6, 0.7 ஓம். மூன்றும் நன்றாக இருக்கின்றன! ஒரு பல்புகூடச் சாகவில்லை. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் புதுப் பல்பு போட்டதும் எப்படி எரிந்தது?

வீவக (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார முடியாது, அதனால் செம்பவாங்கில் நண்பர் வீட்டுப் போர்ட்டிகோவுக்குக் கொண்டுபோனேன். சிம் லிம் டவரில் வாங்கிய 25 வெள்ளி மீட்டர். அளவுகள்: பாசிட்டிவுக்கும் உடம்புக்கும் 11.9. பாசிட்டிவுக்கும் சாக்கெட் எர்த்துக்கும் 9.1. சாக்கெட் எர்த்துக்கும் உடம்புக்கும் 2.8.

டாக்சி ஐயா சொன்னபடி ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். மனைவி முன்னால் இருந்து கேட்கிறாள், "என்ன செய்தீர்கள், பின் சுவரெல்லாம் சிவப்பாகிவிட்டதே" என்று.

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, மாலை 7.10

அருமை அண்ணே! 9.1-ஐயும் 2.8-ஐயும் கூட்டுங்கள், சரியாக 11.9. கணக்கு நேராகிவிட்டது, திருடன் எர்த் வழியில்தான் இருக்கிறான்.

இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் அளவுக்கு நேராகக் குறையாது, அதைவிட வேகமாக விழும். ஏறக்குறைய வோல்ட்டின் 3.4 மடிப்படி என்று சொல்வார்கள். 11.9 கிடைக்க வேண்டிய இடத்தில் 9.1 கிடைத்தால் வெளிச்சம் பத்தில் நான்கு பங்குதான் வரும். வோல்ட்டில் கால்வாசி குறைந்ததற்கே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பகல் வெயிலில் உங்கள் மச்சானுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

புதுப் பல்பு எப்படி எரிந்தது என்று கேட்டீர்கள். பல்பு மாற்றும்போது சாக்கெட்டைத் திருப்பி இழுக்கிறீர்கள், ஒயர் கட்டு அசைகிறது, துருவுக்கு நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் செம்பு இரும்பைத் தொடுகிறது. சில வாரம் தாங்கும். பல்பு சரிசெய்யவில்லை, உங்கள் கை அசைத்ததுதான் சரிசெய்தது.

இப்போது பூட்டின் இடது பக்கத் துணி மறைப்பைக் கழற்றி, எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். 10 மி.மீ. தலையுள்ள போல்ட்டில் ஒரு வளையம் இருக்கும். போட்டோ போடுங்கள். ஈர வாடை என்றீர்களே, அதையும் விடாதீர்கள், எர்த்தை மட்டும் சரிசெய்துவிட்டுத் தண்ணீரை விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இதே பக்கத்தில் திரும்ப எழுதுவீர்கள்.

பழையடாக்சி | ஞாயிறு, இரவு 8.02

நான் எல்இடி சொன்னது சும்மா அழகுக்கு இல்லை. இழை பல்பு முழுப் பிரகாசத்துக்கு வர ஏறக்குறைய 0.2 வினாடி எடுக்கும், எல்இடி உடனே எரியும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 25 மீட்டர் போகிறோம், 0.2 வினாடி என்றால் 5 மீட்டர், ஒரு கார் நீளம். எனக்குப் பின்னால் எத்தனையோ முறை ஒரு கார் நீளத்தில்தான் தப்பித்திருக்கிறேன்.

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, இரவு 8.25

ஐயா, உங்கள் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு காரணத்துக்காக இப்போது வேண்டாம் என்கிறேன். ஒன்று, எல்இடி பல்பு இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. 21 வாட் இழை 1.75 ஆம்பியர் கேட்கும், எல்இடிக்கு அதில் சின்னப் பங்கே போதும். அந்தத் துருப்பிடித்த எர்த்திலும் அது நன்றாக எரிந்துவிடும், நோய் மறைந்துகொள்ளும், உள்ளே துரு வளர்ந்துகொண்டே போகும். இரண்டு, அந்த லாம்பின் கண்ணாடி மாதிரி உட்பக்கம், இழை நிற்கும் இடத்தை வைத்துச் செய்தது. மலிவான எல்இடியில் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வரும், நேராகப் பார்த்தால் கண் கூசும், கொஞ்சம் விலகினால் ஒன்றும் தெரியாது. சிலவற்றில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரியாது, இரவில் பின்னால் வருபவர் என்ன செய்வார்? தயாரிப்பாளரே எல்இடி வைத்துச் செய்த லாம்ப் என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

பழையடாக்சி | ஞாயிறு, இரவு 8.40

நோய் மறைந்துகொள்ளும் என்பது எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. சரி தம்பி, முதலில் எர்த்.

ஈசூன்_செடான் | புதன், இரவு 10.55

கண்டுபிடித்தேன்! மறைப்புத் துணியின் பின்னால், சக்கர வளைவுக்கு மேலே. போல்ட்டைச் சுற்றி செம்புக் களிம்பு மாதிரிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நின்றது. ஸ்பேனர் வைத்ததும் வளையம் இரண்டாக உடைந்து கையில் வந்துவிட்டது. ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுப்பு. ஒரு அங்குலம் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு அங்குலம், கறுப்பு. ஏழு சென்டிமீட்டர் போன பிறகுதான் செம்பு நிறத்தில் செம்பு தெரிந்தது.

அதன் கீழே கம்பளத்தைத் தூக்கினால் ஒரு கைப்பிடி தண்ணீர். ஸ்பேர் டயர் குழியிலும் ஈரம். அடியில் ஒட்டியிருந்த பஞ்சு பிழிந்தால் சொட்டுகிறது. எத்தனை மாதமாக இதைச் சுமந்துகொண்டு அப்பாவைக் கூட்டிப்போனேனோ தெரியவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பார்ப்பது?

காக்கிபுக்கிட்_டிரிம் | வியாழன், காலை 8.12

நான் சீட், டிரிம் வேலை பார்ப்பவன், தண்ணீர் புகுந்த வண்டிகள்தான் எனக்குச் சோறு. அந்த வயது செடானில் முதல் சந்தேகம் டெயில் லாம்பின் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை). பதினைந்து வருஷம் அழுத்திக் கிடந்தால் பிஸ்கெட் மாதிரி ஆகிவிடும், மறுபடி உப்பாது.

உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். பிறகு லாம்ப் சேரும் ஓரம், பூட் ரப்பரின் கீழ், பின் கண்ணாடியின் கீழ் மூலை எல்லாவற்றிலும் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். வெளியே மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம், கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது வாசல் என்று தெரியாது. தண்ணீர் வந்த வழி பவுடரில் கோடு போட்ட மாதிரித் தெரியும்.

கேஸ்கெட்தான் என்றால் தயவுசெய்து சிலிக்கோன் பூசாதீர்கள். சாதாரண சிலிக்கோன் காயும்போது வினிகர் வாடை வரும், அந்த அமிலம் இரும்பையும் செம்பையும் தின்னும், நீங்கள் இப்போது சரிசெய்யப் போகிற எர்த்துக்குப் பக்கத்திலேயே. லாம்பைத் திரும்பக் கழற்றவும் முடியாது. பழைய ஸ்பாஞ்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு ப்யூட்டைல் டேப் ஒட்டுங்கள், கறுப்பாகப் பிசின் மாதிரி இருக்கும், என்றைக்கும் இறுகாது. நட்டுகளைக் கையால் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் லாம்ப் உடம்பு கீறல் விடும்.

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | வியாழன், மதியம் 12.40

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கறுப்பு போகும் வரை வெட்டினீர்களே, அதுதான் பலர் விடுகிற தவறு, கறுத்த செம்பில் எந்த வளையமும் நிற்காது. நீளம் குறைந்தால் அதே தடிமன் அல்லது ஒரு படி தடித்த ஒயரைச் சேருங்கள். வளையத்தைக் கிரிம்ப் பிளையரால் நசுக்குங்கள், மூக்குக் குறடு வேண்டாம். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சூடாக்கினால் ஓரத்தில் பசை வழியும், அப்போதுதான் ஈரம் உள்ளே போகாது. உடம்பில் வளையம் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, பிறகு மேலே வாசலீன் பூசுங்கள். முதலில் இறுக்கம், அப்புறம் பூச்சு.

சாக்கெட்டின் உள் தகடுகளையும் பாருங்கள். பழுப்பாகவோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அந்தச் சாக்கெட் மட்டும் புதிது.

ஜேபி_வாராவாரம் | வியாழன், மதியம் 1.05

எல்லாம் சரி, அந்த மூன்றாவது லைட் எதற்கு இவ்வளவு கவலை? இரண்டு பக்கமும் எரிந்தால் போதாதா. மூடி கிடைக்காவிட்டால் லைட்டையே கழற்றி வைத்துவிடலாமே.

பழையடாக்சி | வியாழன், மாலை 5.50

வேண்டாம் தம்பி, அப்படிச் செய்யவே செய்யாதே. அந்த விளக்குக்கும் டாக்சிக்கும் உறவு உண்டு, அதனால் எனக்குத் தெரியும். 1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ அறிஞர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்னால் நடுவில் ஒரு விளக்கைப் பொருத்திச் சோதித்தார், விளக்கு வைத்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடிப்பது பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கினார்கள். எல்லாக் கார்களிலும் வந்துவிட்ட பிறகு, 1998-இல் அவர்கள் அரசாங்கமே கணக்கெடுத்தபோது பின்னால் இடிப்பது 4.3 விழுக்காடு குறைந்திருந்தது. சின்ன எண்ணாகத் தோன்றும், ஒரு நாடு முழுக்க ஒரு வருஷத்தில் எத்தனை இடி என்று நினைத்துப் பார். மேலே உயரத்தில் இருப்பதால் உனக்குப் பின்னால் இரண்டாவதாக வருபவனும் தன் முன் வண்டியின் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கிறான். டெயிலும் பிரேக்கும் ஒரே லாம்பில் கலந்திருக்கும், இது பிரேக்குக்கு மட்டும் எரிவது, குழப்பமே இல்லை. இன்ஸ்பெக்‌ஷனிலும் இருக்க வேண்டியது எரியாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

ஜேபி_வாராவாரம் | வியாழன், மாலை 6.14

புரிந்தது ஐயா, தெரியாமல் சொல்லிவிட்டேன். என் வண்டியில் அது இரண்டு மாதமாக எரியவில்லை. இன்று பார்த்துவிடுகிறேன்.

ஈசூன்_செடான் | சனி, மாலை 4.20

பவுடர் வேலை செய்தது. லாம்பின் கீழ் வெளி மூலையில் சரியாக ஒரு விரல் அகலத்துக்குக் கோடு. கழற்றினால் கேஸ்கெட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ப்யூட்டைல் டேப் போட்டு, பத்து நிமிஷம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பவுடர் காய்ந்தபடியே இருக்கிறது.

எர்த் முடிந்தது. மூன்றாவது அளவு இப்போது 0.06 வோல்ட். சாக்கெட்டில் ஒரு தகடு பழுப்பாக இருந்தது, ஜாலான் புசார் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழையதைக் காட்டி 12 வெள்ளிக்கு வாங்கினேன்.

இப்போது மூன்றாவது லைட் மூடி. புது மூடி ஆர்டர் செய்தால் ஆறு வாரம் என்கிறார்கள், இன்ஸ்பெக்‌ஷன் அதற்குள் வந்துவிடும். இரண்டு கொக்கி உடைந்திருக்கிறது, நடுவில் ஒரு நீளக் கீறல். கழற்றவே பயமாக இருக்கிறது, தொட்டாலே நொறுங்கும் போல.

காக்கிபுக்கிட்_டிரிம் | சனி, இரவு 9.05

காலையில், ஏர்கான் போட்ட வண்டியில் கழற்றாதீர்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் சூடாக, கொஞ்சம் இளகி இருக்கும்போது கை வையுங்கள். வெயில் இல்லாவிட்டால் ஹேர் டிரையர். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் செட் ஏழெட்டு வெள்ளிக்குக் கிடைக்கும். கொக்கி எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே நெம்ப வேண்டும், நடுவில் நெம்பினால் கீறல் ஓடிவிடும்.

கழற்றியதும் முதல் வேலை, மூடியின் உட்பக்கம் சின்ன எழுத்தில் என்ன பிளாஸ்டிக் என்று அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். ஏபிஎஸ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும், அந்தக் கூழை உட்பக்கக் கீறலில் தடவினால் காய்ந்ததும் ஒரே உடம்பாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். பிபி (பாலிபுரொப்பிலீன்) என்று இருந்தால் அசிட்டோனும் எபோக்சியும் அதில் ஒட்டவே ஒட்டாது, பலர் ஒரு டியூப் பசையை வீணாக்கிவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். அதற்குச் சால்டரிங் அயர்ன் கொண்டு உருக்கித்தான் சேர்க்க வேண்டும், நிரப்ப அதே பிபி பிளாஸ்டிக் வேண்டும், பாட்டில் மூடி பல பிபிதான், அடியில் 5 என்ற எண் பார்த்து எடுங்கள்.

உடைந்த கொக்கிக்குப் பதில் இரும்பு ஸ்பிரிங் கிளிப் போடலாம். பழைய ஓட்டையை அளந்து கொண்டுபோங்கள், 7-க்கும் 8 மி.மீ.க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, போட்டால் ஆடும்.

ஈசூன்_செடான் | ஞாயிறு, இரவு 9.30

ஏபிஎஸ்! உட்பக்கம் எழுத்து தெளிவாக இருந்தது. மூடியிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பிலிருந்து சீவி எடுத்துக் கூழ் செய்தேன், பிள்ளை பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி. கீறலின் உட்பக்கம் பட்டையாகத் தடவி ஒரு இரவு விட்டேன். வெளியே மெல்லிய கோடு தெரிகிறது, ஆனால் கையால் முறுக்கினால் அசையவில்லை. கிளிப் 8 மி.மீ.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், நம்பர் பிளேட்டுக்கு மேல் இருக்கும் குரோம் பட்டையும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

காக்கிபுக்கிட்_டிரிம் | ஞாயிறு, இரவு 10.10

மீன்பிடி நரம்பு எடுத்துப் பட்டையின் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள், டேப் அறுந்து வரும், பெயின்ட் தப்பும். பழைய பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து இரண்டு பக்கமும் துடையுங்கள். த்ரீ எம் விஎச்பி டேப் (இரண்டு பக்கமும் ஒட்டுவது), ஒட்டியதும் அழுத்திப் பிடியுங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம், அதுவரை கழுவாதீர்கள். தூக்கியிருப்பதை மட்டும் சூப்பர் க்ளூ விட்டு ஒட்டினால் வெயிலில் மறுபடி எழும், பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஈசூன்_செடான் | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், மதியம் 2.45

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். முதல் முறையிலேயே பாஸ். பிரேக்கை மிதிக்கச் சொன்னவர் பின்னால் நின்று மூன்றையும் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான், மூன்று வினாடி. எனக்கு அந்த மூன்று வினாடி நீளமாக இருந்தது.

செலவு மீட்டரோடு சேர்த்து 80 வெள்ளிக்குள். நடுவில் நான்கு பெரிய மழை அடித்தது, கம்பளத்துக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன், காய்ந்தபடியே இருந்தது. மச்சான் நேற்று எனக்குப் பின்னால் வந்தவன் வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னான், "இப்போது தெரிகிறது மாமா" என்று. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஜேபி_வாராவாரம் | செவ்வாய், மாலை 6.20

வாழ்த்துகள் அண்ணே. என் மூன்றாவது லைட்டும் எரிகிறது, எனக்கு உண்மையிலேயே பல்புதான் போயிருந்தது, முதலில் மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

துவாஸ்_எலக்ட்ரீஷியன் | செவ்வாய், இரவு 8.30

ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஒரே ஒரு வேலை பாக்கி, வலது பக்க எர்த்தையும் ஒரு நாள் திறந்து பாருங்கள், அதற்கும் அதே வயது, அதே ஸ்பாஞ்ச். அந்த மிச்ச இரண்டு பல்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நல்ல பல்பு.

ஈசூன்_செடான் | செவ்வாய், இரவு 8.52

ஞாயிற்றுக்கிழமை வலது பக்கம் திறக்கிறேன். பல்பு இரண்டும் பிள்ளையின் பழைய காலுறையில் சுற்றி க்ளோவ் பாக்ஸில் இருக்கின்றன.